பாதிக் கப்பல்

மனிதன் தன் கையால் செய்த பொருள்களுள் கப்பலைப் போல மேன்மையுடையது வேறொன்றைச் சொல்வது கடினம். நூஹ் நபி (அலை) அவர்கள் செய்த மரக்கலம் உயிர்களைக் காப்பதற்கென்றே செய்யப்பட்டது. கடல்மீது ஓடும் கலங்களை இறைவனுடைய அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறை எண்ணிக் காட்டுகிறது. அந்தக் கப்பலைக் கொலைக் கருவியாக மாற்றியது மனிதனின் கைவரிசை. அக்கொலைக் கருவியை முழ நீளத்துக்குச் சுருக்கி, வண்ணம் தீட்டி, வரவேற்பறையின் கண்ணாடி அலமாரியில் அழகுப் பொருளாக அமர்த்தியது நம்முடைய காலத்தின் கைவரிசை. இந்த இரண்டாவது கைவரிசையைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

போர்க்கப்பல்களின் மாதிரிகளைக் கட்டுவது இன்று உலகெங்கும் பரவிவிட்ட பொழுதுபோக்கு. ஜப்பான் நாட்டின் ஷிசுவோகா நகரம் இதன் தலைநகரம் எனலாம். அங்குள்ள தமியா நிறுவனம் 1960-இல் முதன்முதலாக வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரி எது தெரியுமா? ‘யமாட்டோ’ என்னும் மாபெரும் போர்க்கப்பல்தான். அமெரிக்காவில் ரெவெல், இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் எனப் பல நிறுவனங்கள் இத்துறையில் பெயர் பெற்றன. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் துபாயிலும் பிழைக்கச் சென்ற நம்மவர்கள் ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்கென்று வாங்கும் பொருள்களுள் இந்த அட்டைப் பெட்டியும் இடம்பெறக்கூடும். ஆகவே இது எங்கோ இருப்பவர்களின் கதை என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இக்கலையின் அருமையை நான் மறுக்கவில்லை. சட்டத்தில் ஒட்டியவாறு வரும் நூற்றுக்கணக்கான உறுப்புகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, அரம் தேய்த்து, தட்டார் பிடிக்கும் இடுக்கியைப் போன்ற ஒன்றால் பற்றிப் பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும். அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டில், தலைமயிரின் பருமனே உள்ள கைப்பிடிக் கம்பியை மடக்கி ஒட்டுவதற்குக் கண்ணும் கையும் ஒன்றாக வேண்டும். ஜப்பானியக் கடற்படையின் சாம்பல் வண்ணம் ஒரே வண்ணமன்று. குரே தளத்தின் சாம்பல் வேறு, சசெபோ தளத்தின் சாம்பல் வேறு. இரண்டையும் தனித்தனிப் புட்டிகளில் விற்கிறார்கள். வாங்குபவர்களும் வேறுபாடு அறிந்தே வாங்குகிறார்கள். இத்துணை நுணுக்கம் பாராட்டத் தக்கதே.

நம் சமுதாயத்தில் இதனை வேறு காரணங்களுக்காக எதிர்ப்போரும் உண்டு. உருவம் செய்வது ஆகாது என்பார் சிலர். உயிருள்ளவற்றின் உருவத்துக்கும் உயிரற்ற பொருளின் உருவத்துக்கும் மார்க்க அறிஞர்கள் வகுத்துள்ள வேறுபாடு நெடுங்காலமாக அறியப்பட்டது. கப்பல் உயிரற்றது, அதன் மாதிரியைச் செய்வதில் அவ்வகைத் தடை எழுவதில்லை. வீண் செலவு, வீண் பொழுது என்பார் வேறு சிலர். மாலை முழுதும் வெட்டிப் பேச்சில் கழிக்கும் பெரியவர்கள், பாடம் முடித்துவிட்டு ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்து கைத்தொழில் பழகும் சிறுவனைப் பார்த்து வீண் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. என்னுடைய குற்றச்சாட்டு இவ்விரண்டிலும் சேராதது. துல்லியமே தங்கள் அறம் என்று மார்தட்டும் இக்கலைஞர்கள், அந்தத் துல்லியத்திலேயே தவறுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

நீர்க்கோட்டில் வெட்டுண்ட கப்பல்

1971-ஆம் ஆண்டு ஷிசுவோகாவைச் சார்ந்த தமியா, அவோஷிமா, ஹசெகாவா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்ட கப்பல்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, 700-இல் ஒரு பங்கு அளவில் மாதிரிகளை வெளியிடுவது என்பதே அவ்வுடன்பாடு. அவ்வரிசைக்கு நீர்க்கோட்டு வரிசை என்று பொருள்படும் ‘வாட்டர்லைன்’ என்னும் பெயர் சூட்டினார்கள். அதில் வரும் கப்பல்களுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே உடல் கிடையாது. அடிப்பகுதி தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். மேசைமீது வைத்தால், மேசையே கடலாகி, கப்பல் மிதப்பது போன்ற தோற்றம் கிடைக்கும். கண்ணுக்கு இனிய உத்திதான், ஐயமில்லை. ஆனால் வெட்டி எறியப்பட்ட அந்தக் கீழ்ப்பாதியில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கொதிகலன் அறைகள் இருந்தன. இயந்திர அறைகள் இருந்தன. வெடிமருந்துக் கிடங்குகள் இருந்தன. அவற்றில் பகலும் இரவும் அறியாமல் வேலை செய்த மனிதர்கள் இருந்தார்கள். கப்பல் தாக்கப்படும்போது மேல்தளத்தில் நிற்பவனுக்குக் கடலில் குதிக்கும் வாய்ப்பாவது உண்டு. கீழே இருப்பவனுக்கு அதுவும் இல்லை. முழு உடலோடு வரும் மாதிரிகளும் கடைகளில் கிடைக்கின்றன என்பதை நான் அறிவேன். அவற்றிலும் உள்ளே வெற்றிடமே. வெளியே சிவப்பு வண்ணம், உள்ளே காற்று.

யமாட்டோவின் கதையையே எடுத்துக்கொள்வோம். 263 மீட்டர் நீளம். முழுச் சுமையோடு ஏறத்தாழ 72,000 டன். 46 சென்டிமீட்டர் வாயகலம் கொண்ட ஒன்பது பீரங்கிகள். அதைவிடப் பெரிய பீரங்கியைத் தாங்கிய போர்க்கப்பல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1941 டிசம்பரில் பணியில் சேர்ந்த அக்கப்பல், 1945 ஏப்ரல் 6 அன்று ஒகினாவாத் தீவை நோக்கிப் புறப்பட்டது. வானில் துணை நிற்க விமானங்கள் இல்லை. திரும்பி வருவோம் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. மறுநாள் நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்கள் சூழ்ந்துகொண்டன. இரண்டு மணி நேரம் குண்டுகளும் டார்ப்பீடோக்களும் தாக்கின. இடப்புறம் சாயத் தொடங்கிய கப்பலை நிமிர்த்துவதற்கு ஒரு வழியே எஞ்சியது. வலப்புறத்து இயந்திர அறைகளிலும் கொதிகலன் அறைகளிலும் கடல்நீரைப் பாய்ச்சுவது. பாய்ச்சினார்கள். அங்கே தத்தம் இடத்தில் நின்று பணி செய்துகொண்டிருந்தவர்கள் தம்முடைய கப்பலின் ஆணையாலேயே மூழ்கினார்கள். அதன்பின்னும் கப்பல் நிமிரவில்லை. கவிழ்ந்தது, வெடித்தது. ஏறியிருந்தவர்கள் 3,300-க்கும் மேற்பட்டோர். உயிர் பிழைத்தவர்கள் 300-க்கும் குறைவு.

நீர்க்கோட்டில் வெட்டப்பட்ட மாதிரியில், இக்கதையின் நடுப்பகுதிக்கு இடமே இல்லை. நீர் பாய்ச்சப்பட்ட அறைகள் பெட்டிக்குள் வரவில்லை. ஆகவே அவ்வறைகளில் இருந்தவர்களும் வரவில்லை. இது தற்செயலாக நேர்ந்த விடுபாடு என்று யாரேனும் சொல்லலாம். தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் எதை வெட்டினால் பொருள் அழகாகிறதோ, அதுவே கொலையின் இடமாகவும் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இரண்டரை மில்லிமீட்டர் மனிதன்

700-இல் ஒரு பங்கு அளவில் ஒரு மனிதனின் உயரம் இரண்டரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஓர் அரிசி மணியின் பாதியும் தேறாது. இவ்வளவு சிறியதைச் செய்ய இயலாது என்ற வாதம் இங்கே எடுபடாது. அதைவிடச் சிறிய சாதனங்களையெல்லாம் செய்கிறார்கள். கயிற்றின் முடிச்சைச் செய்கிறார்கள்; ஏணியின் படியைச் செய்கிறார்கள்; விமான எதிர்ப்புத் துப்பாக்கியின் குழாய் நுனியில் துளையும் இடுகிறார்கள். மனிதனைச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். எனினும் பெரும்பாலான மாதிரிகளின் மேல்தளம் ஆளற்றே கிடக்கிறது. மனிதரை நிறுத்தினால் கப்பலின் கோடுகள் கெட்டுவிடுமாம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். யமாட்டோவில் இருந்த 3,300 பேரைத் தொழுகை வரிசையில் நிற்பது போலத் தோளோடு தோள் சேர்த்து ஒரே அணியில் நிறுத்துங்கள். ஓர் ஆளுக்கு அரை மீட்டர் இடம் என்று கொண்டாலும் 1,650 மீட்டர் ஆகிறது. கப்பலின் நீளத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல்! மேசைமீது இருக்கும் மாதிரியின் நீளம் 38 சென்டிமீட்டர். அதே அளவு விகிதத்தில் அந்த மனித வரிசையின் நீளம் இரண்டே கால் மீட்டருக்கும் மேல். அதாவது, உண்மைக்கு உண்மையாக இருப்பதென்றால், கப்பலை வைக்க ஒரு தட்டும், மனிதர்களை வைக்க அறையின் ஒரு சுவரும் வேண்டும். துல்லியத்தின் காவலர்கள் எவரேனும் இக்கணக்கைச் செய்து பார்த்திருக்கிறார்களா?

எதற்குக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். யமாட்டோவின் வரைபடங்கள் போர் முடிவில் அழிக்கப்பட்டுவிட்டமையால், மாதிரி செய்வோருக்கு நெடுங்காலம் பல ஐயங்கள் இருந்தன. கடலடியில் கிடக்கும் சிதைவை 1999-இல் ஆய்வு செய்தபோது, முகப்பில் பதித்த செவ்வந்திப் பூ முத்திரையின் விட்டம் முன்பு எண்ணியிருந்தது போல ஒன்றரை மீட்டர் அன்று, ஒரு மீட்டர்தான் என்று தெரியவந்தது. அரை மீட்டர் திருத்தம் கிடைத்ததில் பெருமகிழ்ச்சி! ஏறத்தாழ மூவாயிரம் பேரின் கல்லறை அது. அந்தக் கல்லறைக்குள் இறங்கிப் பார்த்தும் பூவின் அளவு மட்டுமே மாதிரிக்கு ஏறி வந்தது.

சின்னம் போனால் பாவம் போகுமா?

ஜெர்மானியக் கப்பல்களின் மாதிரிகளில் வேறொரு வேடிக்கை உண்டு. ‘பிஸ்மார்க்’ கப்பலின் முன்புறத் தளத்திலும் பின்புறத் தளத்திலும் வானிலிருந்து அடையாளம் காண்பதற்காகச் சுவஸ்திகாச் சின்னம் தீட்டப்பட்டிருந்தது. நாஜிச் சின்னங்களைக் காட்சிப்படுத்துவதை ஜெர்மனியின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அந்நாட்டு மக்கள் தம் வரலாற்றுக்கு அஞ்சி இயற்றிய சட்டம் அது. அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் வணிகர்கள் அச்சட்டத்தைக் கொண்டு என்ன செய்துகொண்டார்கள் என்று பாருங்கள். பெட்டியின் மேலுள்ள ஓவியத்தில் கொடியை வெறுமையாக்கினார்கள். ஒட்டும் தாளிலிருந்து சின்னத்தை நீக்கினார்கள். கப்பலை மட்டும் முன்போலவே கம்பீரமாக நிறுத்தி விற்றார்கள். கொலைகாரனின் பெயரை அழித்துவிட்டு அவனுடைய வாளின் வேலைப்பாட்டை மெச்சுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

1941 மே 24 அன்று பிஸ்மார்க்கின் குண்டுக்கு இங்கிலாந்தின் ‘ஹூட்’ சில நிமிடங்களில் வெடித்து மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 1,418 பேர். பிழைத்தவர்கள் மூன்றே பேர். மே 27 அன்று பிஸ்மார்க்கும் மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 2,200-க்கும் மேல். பிழைத்தவர்கள் நூற்றுச் சொச்சம். நீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த ஆங்கிலக் கப்பல், நீர்மூழ்கி வருகிறது என்ற அச்சத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போயிற்று. நான்கு நாள்களுக்குள் இரு தரப்பிலுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் போனார்கள். இன்று இரண்டு பெட்டிகளும் கடையில் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. சிறுவன் இரண்டையும் வாங்கி எதிரெதிரே நிறுத்துகிறான். எது வேகம், எதன் பீரங்கி பெரிது என்று அவனுக்குத் தெரியும். இவ்விரண்டின் கவசத் தகட்டின் கனமும் தெரியும். எத்தனை பேர் என்ற ஒன்றைத்தான் எவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

மறுப்புரைகளும் விடைகளும்

“இது வெறும் பொறியியல், இதற்கும் போருக்கும் தொடர்பில்லை” என்பது முதல் மறுப்பு. மாதிரிக் கப்பலின் வரலாற்றை அறிந்தவர்கள் இதனைச் சொல்லத் துணியமாட்டார்கள். முதல் உலகப் போருக்கு முன், ஜெர்மனியும் இங்கிலாந்தும் போட்டியிட்டுக்கொண்டு போர்க்கப்பல் கட்டிய காலத்தில், ஜெர்மனியின் மெர்க்லின், பிங் நிறுவனங்கள் தகரத்தில் விளையாட்டுப் போர்க்கப்பல்கள் செய்து விற்றன. ஒரே அச்சில் வந்த கப்பலுக்கு, வாங்கும் நாட்டுக்கேற்பப் பெயரும் கொடியும் மாற்றப்பட்டன. இரு நாட்டுச் சிறுவர்களும் ஒரே தகரத்தை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் மூழ்கடித்து விளையாடினார்கள். அச்சிறுவர்கள் வளர்ந்து இளைஞர்களாவதற்குள் 1914 வந்துவிட்டது. இரண்டாம் போரிலோ மாதிரிகளே படைக்கலமாயின. ஜெர்மானியக் கடற்படைக்கு 1,250-இல் ஒரு பங்கு அளவிலும், அமெரிக்கக் கடற்படைக்கு 1,200-இல் ஒரு பங்கு அளவிலும் சிறு கப்பல்கள் வார்க்கப்பட்டன. எதிரிக் கப்பலை நிழலைக் கண்டே அடையாளம் அறியும் பயிற்சிக்காக அவை பயன்பட்டன. அமெரிக்காவில் 1942-இல் பள்ளி மாணவர்களைக் கொண்டே ஐந்து இலட்சம் மாதிரி விமானங்கள் செய்விக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. குழந்தையின் கைவேலை குறி பார்ப்போனின் கண்ணுக்குப் பயிற்சியாயிற்று. இதற்குப் பின்னும் மாதிரிக்கும் போருக்கும் தொடர்பில்லை என்பதா?

“மாண்டவர்களுக்கு நாங்கள் செலுத்தும் மரியாதை இது” என்பது இரண்டாவது மறுப்பு. உண்மையாகவே அந்த எண்ணத்தோடு செய்வோர் இருக்கிறார்கள். அவர்களை நான் வணங்காவிடினும் மதிக்கிறேன். மரியாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஜப்பானிலேயே சான்றும் இருக்கிறது. யமாட்டோ கட்டப்பட்ட குரே நகரில் 2005-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், பத்தில் ஒரு பங்கு அளவில் 26.3 மீட்டர் நீளமுள்ள மாதிரி நிறுத்தப்பட்டது. அக்காட்சியைப் போர்ப் புகழ்ச்சி என்று கண்டித்தவர்களும் உண்டு. ஆயினும் அங்கே கப்பலை மட்டும் நிறுத்தவில்லை. அதில் சென்று மாண்டவர்கள் தம் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்களையும் வைத்தார்கள். யமாட்டோவில் இருந்து பிழைத்த யோஷிதா மித்சுரு என்னும் இளம் அதிகாரி தாம் கண்டதை நூலாக எழுதினார். அமெரிக்க ஆதிக்கத்தின் தணிக்கையால் தடைப்பட்டு, 1952-இல்தான் அது முழுமையாக வெளிவந்தது. கடிதமும் சாட்சியமும் கூட இருந்தால் மாதிரி நினைவுச் சின்னமாகும். அவை இல்லையேல் அது வெறும் பொம்மை. பெட்டியில் வருவது எது என்பதை வாங்குவோரே சொல்லட்டும்.

“பிள்ளைகள் வரலாறு கற்கிறார்கள்” என்பது மூன்றாவது மறுப்பு. எந்த வரலாறு? 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் கடலுக்கு அப்பால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் இரு பெரும் ஆங்கிலக் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் துணைக் கப்பல்கள் காப்பாற்றின. இவ்விரு கப்பல்களும் பெட்டிகளில் கிடைக்கின்றன. ஆனால் அவை மூழ்கியதன் பொருள் பெட்டியில் இல்லை. அவற்றை நம்பியே மலாயாவின் காவல் இருந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. நாகூர், காரைக்கால், கடையநல்லூர், இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்கள் எனப் பல ஊர்களின் குடும்பங்களுக்கு அது எங்கோ நடந்த போரன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்த தந்தையரும் தமையன்மாரும் அக்கரையிலேயே அடைபட்டார்கள். பணமும் கடிதமும் நின்றன. தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் மீளவில்லை. இரண்டு கப்பல்களின் பீரங்கி அளவை மனப்பாடமாகச் சொல்லும் நம் வீட்டுப் பிள்ளைக்கு, தன் பாட்டனாரின் வாழ்வு அக்கப்பல்களோடு எப்படிப் பின்னியிருந்தது என்று தெரியாவிட்டால், அவன் கற்றது வரலாறா?

இன்று அவ்விரு சிதைவுகளின் நிலையும் கேட்கத் தகாதது. இரும்புக்காகவும் செம்புக்காகவும் அவற்றை வெடி வைத்துப் பெயர்த்துத் திருடுகிறார்கள். அத்தகைய ஐயத்தின் பேரில் 2023 மே மாதம் மலேசிய அதிகாரிகள் ஒரு வெளிநாட்டுக் கப்பலைப் பிடித்து வைத்தார்கள். உண்மைக் கப்பல் பழைய இரும்பாகிறது; பொய்க் கப்பல் கண்ணாடிக்குள் பளபளக்கிறது.

கொடி மாறினால் கணக்கு மாறுமா?

இதுவரை சொன்னதைக் கேட்டு, “அந்நிய நாடுகள் தமக்குள் மோதிக்கொண்டன, நமக்கென்ன” என்று எவரும் நிம்மதி கொள்ள வேண்டாம். நம் உள்ளத்தையும் சற்றுத் திறந்து பார்ப்போம். 1914-இல் ஜெர்மனியின் ‘கோபென்’ என்னும் பெரும் போர்க்கப்பல் உஸ்மானியரிடம் சேர்ந்து ‘யாவூஸ் சுல்தான் சலீம்’ என்று பெயர் மாறியது. பிறை தாங்கிய கொடி அதன்மேல் பறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று அக்கப்பலும் அதன் துணைக் கப்பல்களும் ருஷ்யத் துறைமுகங்களைச் சுட்டன. கப்பலைச் செலுத்தியவர்கள் ஜெர்மானிய மாலுமிகளே. அந்தச் சூட்டினால் உஸ்மானியப் பேரரசு போருக்குள் இழுக்கப்பட்டது. அப்போரின் முடிவில் பேரரசே இல்லாமற் போயிற்று. யாவூஸின் மாதிரியை நம் அலமாரியில் வைக்கும்போது நெஞ்சு சற்று நிமிருமானால், பிஸ்மார்க்கை வைத்துப் பூரிக்கும் ஜெர்மானியனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பிறைக் கொடியின் கீழ் நின்றாலும் கொதிகலன் அறை கொதிகலன் அறைதான்.

நம்முடைய மொழியும் இந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த ‘எம்டன்’ கப்பலின் பெயர், சூரன், தந்திரக்காரன் என்னும் பொருளில் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. சுட்டவனின் பெயர் சொல்லாயிற்று. சூட்டில் மாண்டவர்களின் பெயர் எவருக்கும் நினைவில்லை. மாதிரிக் கப்பல் பிளாஸ்டிக்கில் செய்வதை நாம் சொல்லிலேயே செய்துவிட்டோம்.

இவையெல்லாம் பழங்கதை என்பாருக்கு இன்னொன்று. ‘நியூ ஜெர்சி’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் மாதிரி கட்டுவோரின் பெருவிருப்பத்துக்குரியது. இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டப்பட்ட அக்கப்பலே 1984 பிப்ரவரி 8 அன்று லெபனான் நாட்டின் மலைகள்மீது முந்நூறுக்குச் சற்றுக் குறைவான பெருங்குண்டுகளைப் பொழிந்தது. அதன் உடன்பிறப்புகளான ‘மிசௌரி’யும் ‘விஸ்கான்சி’னும் 1991-இல் வளைகுடாப் போரில் குவைத்துக் கரையில் இருந்த ஈராக்கிய நிலைகள்மீது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை எறிந்தன. ஒவ்வொரு குண்டும் ஒரு டன்னைத் தொடும் எடை. இக்கப்பல்களை ஒட்டி முடித்து, பீரங்கியை விரலால் சுழற்றிப் பார்க்கும் நம் பிள்ளை, அந்தப் பீரங்கி யாரை நோக்கித் திரும்பியிருந்தது என்று கேட்டால் நாம் சொல்லும் விடை என்ன?

மறுத்தவரின் கைவேலை

இவ்வாறெல்லாம் எழுதிவிட்டு, ஆகவே எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்று முடிப்பேன் என எதிர்பார்ப்போருக்கு ஏமாற்றமே கிட்டும். நார்மன் ஓவ் என்றோர் ஆங்கிலேயர் இருந்தார். 1898-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர். போர்க்கப்பல் மாதிரிகளைச் செய்வதில் அவருக்கு நிகரானவர்கள் அரிது என்பது அத்துறையினர் கருத்து. ‘குயின் எலிசபெத்’ கப்பலுக்கு அவர் செய்த மாதிரி லண்டன் போர் அருங்காட்சியகத்தின் சேகரத்தில் சேர்ந்தது. அதே மனிதர் முதல் உலகப் போரில், ஆயுதம் ஏந்துவது தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று மறுத்துச் சிறை சென்றவர்! ஊணையும் மறந்து கப்பலின் ஒவ்வோர் ஆணியையும் காதலித்த அவரால், அக்கப்பலின் வேலையை வெறுக்கவும் முடிந்தது. கலையை விட்டுவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் நெஞ்சைத்தான் கேட்கிறேன். நம் பிள்ளைகளுக்கு அந்த நெஞ்சு வேண்டும்.

ஆகவே பெற்றோருக்குச் சொல்வது இது. பிள்ளை கப்பல் கட்ட விரும்பினால் தடுக்காதீர்கள், அருகில் அமருங்கள். கட்டி முடித்ததும், அதனை நிறுத்தும் பலகையில் கப்பலின் பெயரோடு வேறு மூன்று செய்திகளையும் அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கப்பல் மூழ்கிய நாள், அதில் இருந்தவர்களின் எண்ணிக்கை, பிழைத்தவர்களின் எண்ணிக்கை. அது சுட்டுக் கொன்றவர்களின் கணக்குத் தெரிந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். பீரங்கியின் வாயகலத்தைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்கு இந்த எண்களைக் கண்டுபிடிப்பது கடினமாகாது. நீர்க்கோட்டில் வெட்டிய மாதிரியாயின், வெட்டப்பட்ட பகுதியில் என்ன இருந்தது என்று ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோரைச் சுமந்து சென்ற ‘ராஜுலா’ கப்பல் 1926-இல் கட்டப்பட்டது. போர்க்காலத்தில் படையினரைச் சுமந்தது. போர் முடிந்ததும் மீண்டும் பயணிகளைச் சுமந்தது. 1970-களின் முற்பகுதி வரை ஓடியது. கடைகளில் அடுக்கிய பெட்டிகளில் அதன் பெயரைக் காண முடியாது. அதனைப் போன்ற வணிகக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் நிலக்கரி தள்ளியவர்களில் சில்ஹெட், நவகாளி, கொங்கணக் கரைகளைச் சேர்ந்த முஸ்லிம்கள் மிகப் பலர். இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஒரு பீரங்கியும் சுடாமல், உணவும் எண்ணெயும் சுமந்து சென்று மூழ்கியவர்கள் அவர்கள். அட்டையும் மரத்துண்டும் பசையும் கொண்டு ஒரு ராஜுலாவைக் கட்ட நம் வீட்டுப் பிள்ளையால் இயலாதா? படகுகளின் நிழலில் வளர்ந்த ஊர்களின் பிள்ளைகள் அல்லவா அவர்கள்!

ஓர் உயிரைக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவனைப் போன்றவன் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட அளவுகோல். அந்த அளவுகோலில் 700-இல் ஒரு பங்கு, 350-இல் ஒரு பங்கு என்ற சுருக்கமெல்லாம் கிடையாது. கப்பலை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள். அதில் இருந்த மனிதனைச் சுருக்க உங்களுக்கு உரிமை இல்லை.